கதவில் எழுதிய தேதி

அபிராமபுரம், சென்னை-18
14-11-1996, வியாழன்

மெஹபூப்,

இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டி வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. உன் பக்கத்து வீட்டு அப்துல் வஹீதின் நம்பருக்கு நாலு நாளில் பதினோரு தடவை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் "இதோ கூப்டறேன் சார்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார். ஐந்து நிமிஷம் உங்கள் தெருவில் ஐஸ் வண்டி மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறகு வந்து, "தூங்கறாரு சார்" என்கிறார். காலை பத்தேகால் மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை. நல்ல மனுஷர், அவரைப் பொய் சொல்ல வைக்காதே.

என்ன நடந்தது என்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. போன சனிக்கிழமை, தீபாவளிக்கு முதல் நாள், உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையில் லிஃப்ட் நடுவழியில் நின்று ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். உன்னை அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் அவர்களை வெளியே எடுத்து லிஃப்டையும் ஓட விட்டுவிட்டாய். கடைக்காரர் வெள்ளைச்சாமி என்னிடம் போனில் உன்னைப் புகழ்ந்து தள்ளினார். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்கு வந்து, என் மேஜை மேல் டூல் பையை வைத்து, "கிளம்பறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாய். தீபாவளி லீவு முடிந்து திங்கள் வருவாய் என்று நான் நினைத்தேன். இன்றைக்கு வியாழன்.

நம் பொறுப்பில் அறுபத்து மூன்று லிஃப்ட் இருக்கிறது. அதில் நாற்பது பில்டிங்கில் எவனும் என் பேரைச் சொல்வதில்லை. "பாய் எங்க, பாய் வந்தாத்தான்" என்கிறார்கள். இதற்கெல்லாம் காரணம் உன்னுடைய அந்த சாக்பீஸ். லிஃப்ட் ரிப்பேர் என்றால் எந்தக் கம்பெனிக்காரனும் "அவுட் ஆஃப் ஆர்டர்" போர்டு மாட்டிவிட்டுப் போவான். நீ மட்டும் கீழ்த்தளக் கதவில் தேதி எழுதி, மணி எழுதி, அடியில் உன் பேரையும் எழுதுவாய். வேலை முடிந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து உன் கட்டைவிரலால் அழிப்பாய். எழுதாதே என்று இரண்டு தடவை சர்க்குலர் போட்டேன். இரண்டாவது சர்க்குலரின் பின்பக்கத்தில் நீ வயரிங் படம் போட்டிருந்ததை நானே பார்த்தேன்.

அடையாறு கோகுலம் பிளாட்ஸில் தேதி தப்பியதற்காகத்தான் இந்தக் கோபம் என்று மகேஷ் சொல்கிறான். அந்தத் தேதியை எழுதச் சொல்லி நானா கெஞ்சினேன்? ஐந்து நாள் தாமதம், அவ்வளவுதான். பன்னிரண்டாம் தேதி மகேஷ் மோட்டாரை மாட்டிவிட்டான், ஜம்மென்று ஓடுகிறது.

திங்கட்கிழமை காலை வந்து சேர். பை என் மேஜை மேலேயே இருக்கிறது. அதை நகர்த்தாமல் என்னால் ஒரு பேப்பர் வைத்து எழுத முடியவில்லை.

கஸ்தூரிரங்கன்


ராயப்பேட்டை, சென்னை-14
18-11-1996, திங்கள்

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வஹீத் பாயைப் பொய் சொல்ல வைத்தது தப்புதான். இனி போன் வந்தால் "வரமாட்டேன்கிறான்" என்றே சொல்லச் சொல்லிவிட்டேன்.

என்ன நடந்தது என்று புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

கோகுலம் லிஃப்ட் மோட்டார் எரிந்துபோனது அக்டோபர் முப்பதாம் தேதி. கழற்றிக் கொண்டுவந்து, எரிந்த கம்பிச் சுருளை மாற்றி "காயில்" கட்டக் கொடுத்தோம். மூன்றாவது மாடி ஜெயலக்ஷ்மி மாமிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, படி இறங்க முடியாது. கண் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும், லிஃப்ட் எப்போது ஓடும் என்று என்னைக் கேட்டார். நான் உங்களிடம் வந்து கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவை நீங்கள் போனில் பேசிக்கொண்டே கையை ஆட்டி, "புதன் மோட்டார் வந்துடும், வியாழன்னு எழுதிக்கோ போ" என்றீர்கள். அதனால்தான் "7-ம் தேதி வியாழன் மாலை 4 மணி, மெஹபூப்" என்று கதவில் எழுதினேன். மாமி வெள்ளிக்கிழமை காலைக்கு ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினார்.

வியாழன் காலை பட்டறைக்கு வந்தேன். மோட்டார் இல்லை. காயில் கட்டுகிற இடத்தில் கரண்ட் கட், இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றீர்கள். நான் நம்பினேன். நாலு மணிக்கு வெறுங்கையோடு கோகுலத்துக்குப் போனேன். மாமி என்னைத் திட்டவில்லை. "உன் பேர் போட்டிருந்ததேன்னுதாம்ப்பா டாக்டர்கிட்ட நாள் வாங்கினேன்" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு வாட்ச்மேனும் நானும் மாமியைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடி இறக்கினோம். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். மாமி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில், "போறச்சேதான் இப்படித் தூக்கிண்டு போவான்னு நெனச்சேன்" என்றார். மறுநாள் சனி காலை, கண்ணில் கட்டோடு மறுபடி மூன்று மாடி ஏற்றினோம்.

அன்றைக்கு மத்தியானம்தான் என்னை உஸ்மான் ரோடு கடைக்கு அனுப்பினீர்கள். ஆறு பேரை இறக்கிவிட்டு மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போனேன். அங்கே ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் மஞ்சள் பெயிண்டில் "கோ" என்று எழுதியிருந்தது. காயில் கட்டக் கொடுக்கும்போது மாறிவிடக் கூடாது என்று என் கையால் எழுதியது அது.

கோகுலத்துக்காரர்களுடைய சொந்த மோட்டார், சார். நம்முடையதுகூட இல்லை. அதை எடுத்து ஜவுளிக்கடைக்கு மாட்டிவிட்டு, என்னிடம் கரண்ட் கட் என்று சொன்னீர்கள். மகேஷிடம் மட்டும் சொல்லி மாட்ட வைத்தீர்கள்.

நான் வரவில்லை. பையை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மெஹபூப் அலி


அபிராமபுரம்
21-11-1996, வியாழன்

மெஹபூப்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படித்தபோது எனக்கும் கோபம் வந்துவிட்டது.

ஐந்தாம் தேதி காலை வெள்ளைச்சாமியின் மோட்டார் எரிந்தது. தீபாவளிக்கு ஐந்து நாள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. நாலாவது மாடியில் பட்டு, மூன்றில் ரெடிமேட். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாமி, சனம் ஏற முடியாம தவிக்கி. இன்னைக்கே லிஃப்ட்டு ஓடணும். இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்." கடை, குடோன், சம்பந்தி வீடு, மச்சான் வீடு என்று அந்த ஒரு மனிதரிடமிருந்து நமக்குப் பதினோரு லிஃப்ட். அவர் போனால் பட்டறையில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்த நாலு பேர் என்று நீ சொல்கிறாயா? கோகுலம் மோட்டார் ரெடியாகி என் கண் முன்னால் கிடக்கிறது. அதே கம்பெனி, அதே பவர். ஒரு வாரக் கடன் மாதிரி எடுத்தேன். பிறகு அவர்களுக்கே மாட்டிக் கொடுத்தேன். திருடவில்லை.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், நீ மாட்ட மாட்டாய் என்று தெரியும். மகேஷ் கேள்வி கேட்க மாட்டான். அதுதான் மகேஷிடம் இருக்கிற ஒரே நல்ல குணம்.

உன் வார்த்தை தவறாமைக்கு நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன், கேள். என் பெண் ஸஹானா கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்தவன், பாயசம் வருவதற்குள் எழுந்தாய். ஏன் என்றால் மந்தைவெளியில் மூன்று மணி என்று எழுதிவிட்டு வந்தாயாம். சம்பந்தி என்னிடம் வந்து "அவருக்கு என்ன குறை வெச்சோம்" என்று கேட்டார். இருபத்தைந்து பேருக்கு நடுவில், ஒரு கதவில் சாக்பீஸ் இருக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று அதே மந்தைவெளி பில்டிங்குக்கு நானே போனேன். ஒரு ரிடையர்டு ஆசாமி, கையில் வெற்றிலைப் பெட்டி. "பாய் வரலையா?" என்றார். நான்தான் முதலாளி என்றேன். "அது சரி, பாய் எப்ப வருவார்?" என்றார்.

கம்பெனிக்கு நீ எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. சம்பளத்தில் கால் பங்கு ஏற்றுகிறேன். சூப்பர்வைசர் என்று போடுகிறேன். ஸ்கூட்டர் தருகிறேன். இதற்கு மேல் ஒரு முதலாளி என்ன செய்ய முடியும்? காலில் விழவா?

திங்கள் வா.

கஸ்தூரிரங்கன்


ராயப்பேட்டை
26-11-1996, செவ்வாய்

சார்,

ஸ்கூட்டர் என்றதும் என் வீட்டுக்காரி அன்வரி கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை படித்தாள். அவளுக்கு ஆசைதான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அது இப்போது வேண்டாம்.

வெள்ளைச்சாமி அண்ணாச்சி போய்விட்டால் நாலு பேருக்கு வேலை போகும் என்பது நிஜம். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. "மெஹபூப், இப்படி ஆகிவிட்டது, நீ போய் மாமியிடம் சொல்லி நாள் மாற்று" என்று ஐந்தாம் தேதியே சொல்லியிருந்தால், மூன்று மாடி ஏறிச் சொல்லியிருப்பேன். மாமி டாக்டரிடம் வேறு நாள் வாங்கியிருப்பார். இரண்டு நாள் இருந்தது, சார். ஒரு வார்த்தை போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மோட்டார் எங்கே போனது என்று நான் கோகுலத்தில் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் எனக்கே தெரியாது. தெரிந்த பிறகும் சொல்லவில்லை. பதினாலு வருஷம் சோறு போட்ட கம்பெனியைப் பற்றி வெளியே பேச எனக்கு வாய் வராது. "என் தப்பு மாமி, கணக்கு தப்பிப்போச்சு" என்றேன். அந்த வீட்டில் இன்றைக்கும் வார்த்தை தவறியவன் நான்தான்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். நீங்களே கோகுலம் மூன்றாவது மாடிக்குப் போய், மாமியிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொல்லிவிட்டு வஹீத் பாய் வீட்டுக்குப் போன் செய்யுங்கள், அன்றைக்கே வேலைக்கு வருகிறேன். பழைய சம்பளம் போதும்.

ஆனால் நான் ரொம்ப நாள் உட்கார்ந்திருக்க முடியாது. அச்யுத் என்று ஒரு சின்ன வயது இன்ஜினியர், வேளச்சேரியில் புதிதாகக் கம்பெனி வைத்திருக்கிறார். கொட்டிவாக்கத்தில் ஒரு புதுக் கட்டடத்தில் நாலு லிஃப்ட் மாட்ட ஆள் தேடி இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். டிசம்பர் 2, திங்கட்கிழமை, காலை 11 மணி வரை உங்கள் போனுக்குக் காத்திருப்பேன். அதற்குப் பிறகு அவருக்குச் சரி என்று சொல்லிவிடுவேன்.

திங்கள், பதினோரு மணி, சார். நீங்கள் "நாளைக்கு" என்றால் பட்டறையில் நாங்கள் மூன்று நாள் சேர்த்துக்கொள்வோம். இதில் அப்படிச் சேர்க்காதீர்கள்.

மெஹபூப் அலி


அபிராமபுரம்
4-12-1996, புதன்

மெஹபூப்,

சந்தோஷமாக எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். நீ ஜெயித்தாய், போதுமா?

இன்று காலை போனேன். திங்களன்றே போயிருப்பேன். ஆனால் அன்றைக்கு ஆடிட்டர் வந்துவிட்டார், செவ்வாய் ராகுகாலம் அது இது என்று தள்ளிப்போய்விட்டது. அப்துல் வஹீதின் போன் வேறு இன்று காலையிலிருந்து டெட். அதனால்தான் கடிதம்.

உன் மாமி சாதாரணப்பட்டவர் இல்லை. ரிடையர்டு கணக்கு டீச்சர் என்று நீ ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? நான் தொண்டையைக் கனைத்து, மோட்டாரைப் பற்றி ஆரம்பித்து, அண்ணாச்சி, தீபாவளிக் கூட்டம் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் அந்தப் பிரம்பு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏழாம் தேதிலேர்ந்து இன்னியோட இருபத்தேழு நாள்" என்றார். "இதைச் சொல்ல இருபத்தேழு நாள் ஆச்சா ஒமக்கு?"

அவர் அதோடு விடவில்லை.

"அவன் வந்து தன் தப்புன்னு சொன்னானே, அப்பவே எனக்குத் தெரியும் அவன் தப்பு இல்லேன்னு. முப்பத்தோரு வருஷம் கிளாஸ்ல நின்னவ நான். தப்புப் பண்ணின புள்ளை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்க மாட்டான்."

பிறகு காபி கொடுத்தார். நல்ல காபி. குடித்து முடித்ததும், "எப்படி மேல வந்தேள்?" என்று கேட்டார். லிஃப்டில்தான் என்றேன். "எறங்கறச்சே படியில போங்கோ" என்றார். ஐம்பத்து நாலு படி, மெஹபூப். என் உடம்பு உனக்குத் தெரியும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினேன். இந்த இடத்தில் ஒரு நாற்காலியை எப்படித் திருப்பினீர்கள் என்று பார்த்தேன். ரொம்பக் குறுகல்.

கீழே வந்தால் கதவில் உன் எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. "7-ம் தேதி வியாழன்." வாட்ச்மேனைக் கேட்டேன், ஏன் இன்னும் அழிக்கவில்லை என்று. "மாமி தொடக் கூடாதுன்னு சொல்லிக்கீது சார். எய்தினவரு வந்து அயிக்கட்டும்னுச்சு" என்றான். மாமி இன்னொரு தண்டனையும் கொடுத்தார். அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுத மாட்டேன்.

நாளைக்கே வா. பையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

கஸ்தூரிரங்கன்


ராயப்பேட்டை
6-12-1996, வெள்ளி

சார்,

உங்கள் கடிதம் வந்தது. மாமியிடம் போனதற்கு நன்றி. அன்வரி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படியில் இறங்கிய இடத்தில் சிரித்தாள்.

ஆனால் திங்கட்கிழமை பதினோரு மணி ஆகிவிட்டது, சார்.

பத்தரை மணிக்கே வஹீத் பாய் வீட்டில் போய் உட்கார்ந்தேன். பதினொன்று அடித்தது. உங்கள் வழக்கம் தெரியும் என்பதால் பன்னிரண்டு வரை உட்கார்ந்தேன். போன் இரண்டு தடவை அடித்தது. ஒன்று அவர் மச்சான். இன்னொன்று ராங் நம்பர், ஒரு அம்மா கேஸ் சிலிண்டர் கேட்டார்கள். பன்னிரண்டுக்கு எழுந்து வேளச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

அச்யுத்துக்கு வார்த்தை கொடுத்துவிட்டேன். மார்ச் 31-க்குள் கொட்டிவாக்கத்தில் நாலு லிஃப்டும் ஓடும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் அதை நம்பி பில்டருக்குத் தேதி கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை முதல் போய்க்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கடற்காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்றுகூடத் தெரியவில்லை. பாவம், படித்த பிள்ளை.

எனக்கும் வருத்தம்தான். இரண்டு நாள் முன்னால் போயிருக்கக் கூடாதா என்று உங்கள் மேல் எரிச்சல் எரிச்சலாக வருகிறது. ராகுகாலம் ஒன்றரை மணி நேரம்தானே, சார்?

மெஹபூப் அலி


ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை
9-12-1996, திங்கள்

மெஹபூப்,

உனக்குப் பைத்தியமா?

இரண்டு நாள். வெறும் இரண்டு நாள். இந்த ஊரில் திங்கட்கிழமை பதினோரு மணி என்றால் திங்கட்கிழமை பதினோரு மணிக்கே எவன் செய்கிறான்? டெலிபோன்காரன் செய்கிறானா, கேஸ்காரன் செய்கிறானா? முகூர்த்தமே அரை மணி தள்ளி நடக்கிறது. போன வாரம் பார்த்த ஒரு பையனுக்குக் கொடுத்த வார்த்தை பெரிசு, பதினாலு வருஷம் கூட இருந்த நான் ஒன்றும் இல்லையா? அவனிடம் நான் பேசுகிறேன். வேறு ஆள் தருகிறேன், மகேஷைத் தருகிறேன், வேண்டுமானால் இரண்டு மகேஷ் தருகிறேன்.

இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது. அச்யுத்தை விட்டுவிட்டு நீ இங்கே வந்தாயானால், அப்படி வருகிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அப்படிப்பட்டவர்கள் எனக்கு ஏற்கனவே ஏழு பேர் இருக்கிறார்கள். எட்டாவதாக நானும் இருக்கிறேன். இதை நினைக்க நினைக்க இன்னும் ஆத்திரம் வருகிறது. எதற்காக நீ வேண்டும் என்று ஒரு மாதமாகக் கத்துகிறேனோ, அதற்காகவே நீ வர முடியாது.

இன்னொரு விஷயம். சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மந்தைவெளி பில்டிங்கில் பிரேக் போய்விட்டது. மகேஷோடு நானும் போனேன். அந்த வெற்றிலைப் பெட்டி ஆசாமி கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு நகரவில்லை. "தேதி எழுதிட்டுப் போங்க" என்றார். எங்கள் கம்பெனியில் அந்த வழக்கம் இல்லை என்றேன். "பாய் எழுதுவாரே" என்றார். அவருடைய பேத்தி ஓடிப்போய் சாக்பீஸ் கொண்டுவந்துவிட்டது. என்ன செய்வது, "சனி மாலை 5 மணி" என்று எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பினால், "பேர்?" என்றார்.

என் பேர் பெரிய பேர். கதவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வந்தது.

அதற்குப் பிறகு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சாப்பிட்டால் அந்தக் கதவு, குளித்தால் அந்தக் கதவு. பிரேக் லைனிங் வந்துவிட்டதா என்று ஸ்டோரில் நானே நாலு தடவை போய்ப் பார்த்தேன். சனி மத்தியானம் இரண்டு மணிக்கு மகேஷும் நானும் கிளம்புகிற நேரம், வெள்ளைச்சாமி போன். குடோன் லிஃப்ட் நின்றுவிட்டதாம். "சாமி, ஆள உடனே அனுப்புங்க." "அஞ்சு மணி வரைக்கும் முடியாது அண்ணாச்சி. ஆறரைக்கு வரோம்" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பதினோரு லிஃப்டும் கண் முன்னால் போயிற்று.

அண்ணாச்சி, "செரி, ஆறரைன்னா ஆறரைக்கு வந்துருங்க. நான் ஆளுவள அதுவரைக்கும் படியில ஏத்தச் சொல்லுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இவ்வளவுதானா? இந்த மனுஷருக்குப் பயந்துதான் நான் ஒரு வயதான அம்மாவைப் படியில் தூக்கி இறக்க விட்டேனா? ஐந்தாம் தேதியும் இதையே சொல்லியிருந்தால் இதையேதான் பதிலாகச் சொல்லியிருப்பாரோ என்னவோ. எனக்கு என் மேலேயே வருகிற எரிச்சலை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லிஃப்ட் ஓடிற்று. எல்லாரும் வந்து நின்றார்கள். கட்டைவிரலால் அழித்தேன். பேர் நீளம் என்பதால் நேரம் ஆயிற்று. அந்தப் பெண் குழந்தை கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மகேஷ் பார்த்துவிட்டான்.

இதைச் சொன்னதால் உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

கஸ்தூரிரங்கன்


ராயப்பேட்டை
15-12-1996, ஞாயிறு

சார்,

இன்று லீவு. காலையில் கோகுலத்துக்குப் போனேன். மாமிக்குக் கண் நன்றாகத் தெரிகிறதாம். நான் உள்ளே நுழைந்ததும், "இளைச்சுட்டியே" என்றார். அது ஒன்றே போதும், கண் சரியாகிவிட்டது என்பதற்கு.

மாமி கொடுத்த இரண்டாவது தண்டனை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நான் கதவைப் பார்த்தேன்.

என் எழுத்துக்குக் கீழே உங்கள் எழுத்து இருந்தது. "மோட்டாரை வேறு இடத்துக்குக் கொடுத்தது நான். மெஹபூப் தவறில்லை. கஸ்தூரிரங்கன்." உங்கள் பேரில் கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் சுவரில் எழுதியிருக்கிறீர்கள். பதினோரு நாளாக அந்த பில்டிங்கில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரொம்ப நேரம் நின்றேன், சார். வாட்ச்மேன், "இன்னா பாய், அயிக்க வந்துட்டு நின்னுக்கினே கீறே" என்றான். என் வரியை மட்டும் அழித்தேன். உங்கள் வரியை நான் தொடவில்லை. எழுதினவர்தான் அழிக்க வேண்டும்.

அச்யுத்திடம் நீங்கள் பேச வேண்டாம். நானே பேசிவிட்டேன். மார்ச் 31 வரைதான், அதற்குப் பிறகு எனக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்றேன். எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். "அந்த ஆள் சொன்ன தேதிக்கு எதுவும் செய்ய மாட்டாராமே" என்றார். உங்கள் பேர் வேளச்சேரி வரைக்கும் போயிருக்கிறது. "இப்போது செய்கிறார்" என்றேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதீர்கள்.

என் டூல் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் சாக்பீஸ் இருக்கும். அதை எடுத்து உங்கள் ரூம் கதவில் இதை எழுதுங்கள்:

1-4-1997, செவ்வாய், காலை 9 மணி. மெஹபூப்.

ஏப்ரல் முதல் தேதி என்பதால் ஏமாற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாலு லிஃப்டும் முடிகிற மறுநாள் அதுதான்.

மெஹபூப் அலி


ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை
19-12-1996, வியாழன்

மெஹபூப்,

எழுதிவிட்டேன். எழுதிய அன்றிலிருந்து பட்டறையில் நிம்மதி இல்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் என் ரூம் கதவைப் பார்த்து, "சார், உங்க ரூமுக்கு லிஃப்ட் வருதா?" என்று கேட்கிறான். மகேஷ் முதல் ஆள்.

கோகுலத்தில் உன் வரியை அழித்து என் வரியை மட்டும் விட்டு வைத்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உனக்குத் தெரியுமா? முன்னாலாவது பக்கத்தில் உன் பேர் துணைக்கு இருந்தது. இப்போது அந்தக் கதவில் நான் ஒருவன்தான். நேற்று அழிக்கலாம் என்று போனேன். மாமி மேலே பால்கனியிலிருந்து பார்த்துவிட்டார். கண் ஆபரேஷன் அவ்வளவு நன்றாக நடந்திருக்கிறது. "என்ன அவசரம்? அவன் வரட்டும், சேர்ந்து வந்து அழியுங்கோ" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

ஆக, ஏப்ரல் வரைக்கும் அடையாறில் என் மானம் சாக்பீஸில் தொங்குகிறது. அதுவரை இந்த அறுபத்து மூன்று லிஃப்டில் எது நின்றாலும் தேதி போட்டு என் பேரைத்தான் எழுத வேண்டும் என்று சர்க்குலர் போட்டிருக்கிறேன். இது மூன்றாவது சர்க்குலர். இதன் பின்பக்கத்தில் யாரும் வயரிங் படம் போடக் கூடாது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி ஒன்பது மணிக்கு நான் பட்டறை வாசலில் நிற்பேன். ஒன்பதேகாலுக்கு இல்லை, ஒன்பதுக்கு. நான் வாயால் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பதினாலு வருஷமாக நம்பாததற்கு உனக்குக் காரணம் உண்டு. அதனால் உன் பேருக்குக் கீழே, கதவில், என் பேரையும் எழுதிவிட்டேன்.

கஸ்தூரிரங்கன்